வெப்சைட்டில் நான் செத்துப்போன கதை

போன் அடித்தபோது நான் முறத்தில் முந்திரிப் பருப்பைப் பரப்பி, தோல் ஒட்டியதைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என் மருமகள் கவிதா பின்கட்டில் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தாள். அதனால் நானே எடுத்தேன்.

அந்தப் பக்கம் ஓர் ஆம்பளை. முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது.

"ஜெயங்கொண்டம் முந்திரிக் கடைங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"நான் சுப்பராயன் பேசுறேம்மா. கும்பகோணம் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். இப்பதான் பாத்தேன். மனசே கேக்கல. அம்மாயி எப்பம்மா போனாங்க?"

ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். "எங்க போனாங்க?"

"அதாம்மா, தவறிட்டாங்களே. ஒரு தகவல் சொல்லக்கூடாதா? காரியத்துக்காவது வந்திருப்பேனே!"

ஊருக்கே அம்மாயி நான்தான். ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தொடையைக் கிள்ளிப் பார்த்தேன். வலித்தது.

"ஏன் சுப்பராயா, செத்தவதான் பேசுறேன். ஒனக்கு முழுசு வேணுமா, உடைசல் போதுமா?"

போன் கீழே விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ரொம்ப தூரத்திலிருந்து, "அக்கா! நீங்களா?" என்று ஒரு கத்தல்.

போன வாரம் இந்தத் தொடரில், என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வந்த வண்டியின் மாடு நடுரோட்டில் படுத்துக்கொண்டதோடு நிறுத்தியிருந்தேன். மாடு எழுந்ததா என்று கேட்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அது நிதானமாக எழுந்திருக்கட்டும். அதற்குள் நான் செத்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

டிரைவர் டீ குடிக்கிற நேரம்

அந்தக் காலத்தில் கும்பகோணம் பஸ்ஸும் விருத்தாசலம் பஸ்ஸும் எங்கள் கடைக்கு எதிரேதான் நிற்கும். டிரைவர் இறங்கி ஒரு டீ குடிப்பார். அவர் கிளாஸைக் கீழே வைக்கிற வரைக்கும்தான் எனக்கு வியாபாரம். தலையில் தட்டு, இடுப்பில் பொட்டலம், வாயில் சத்தம். ஜன்னல் ஜன்னலாக ஓடுவேன்.

நான் படித்தது மூன்றாம் கிளாஸ். மிச்சத்தைப் பஸ் போர்டுதான் சொல்லிக்கொடுத்தது. 'விருத்தாசலம்' என்பதை முழுசாகப் படித்த அன்று, பஸ் கிளம்பிப் போயே விட்டது. அன்றைக்கு வியாபாரம் இல்லை. ஆனாலும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஜன்னலில் கை நீட்டுகிறவர்களிடம் முதலில் விலை சொல்லக்கூடாது. உள்ளங்கையில் ஒரே ஒரு பருப்பை வைத்துவிட வேண்டும். சூட்டோடு அவர்கள் மெல்லும்போது நாம் பேசாமல் நிற்க வேண்டும். அந்த வறுத்த வாசம் பக்கத்து சீட்டுக்குத் தானாகப் போய்விடும்.

தெரிந்த முகமாக இருந்தால், "போன தடவை பாயசத்துக்குன்னு வாங்கிட்டுப் போனீங்களே, நல்லா வந்துச்சா?" என்பேன். அந்த அம்மா பூரித்துப்போய் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்ப்பாள். "பாருங்க, ஞாபகம் வெச்சிருக்காங்க!"

இப்போது சொல்வதற்கென்ன, எனக்குப் பாதிப் பேரை ஞாபகமே இருக்காது. எல்லோரிடமும் பாயசம் என்றுதான் சொல்வேன். பாயசம் வைக்காத வீடு எங்கே இருக்கிறது?

டிரைவர் டீயைச் சீக்கிரம் குடித்துவிட்டால், சுப்பராயன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்பார். நான் கடைசி ஜன்னலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினால்தான் ஊதுவார். அதற்குக் கூலியாக ஒரு பிடி உடைசல். அவ்வளவுதான் எங்கள் சிநேகம். என் கல்யாணத்துக்கு வந்த எத்தனையோ பேரின் முகம் மறந்துபோச்சு. அந்த ஊதாத விசில் மறக்கவில்லை.

அப்புறம் பஸ் நிற்கிற இடம் மாறியது. டீக்கடையும் கூடவே போய்விட்டது. எங்கள் கடை மட்டும் அதே இடத்தில், கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

ரெண்டு ஆணி

கடைச் சுவரில் என் வீட்டுக்காரர் படம் மாட்டியிருக்கிறது. சந்தன மாலை, ஒரு சிவப்பு பல்பு. அதை மாட்ட வந்த எலக்ட்ரீஷியனிடம், "தம்பி, பக்கத்துல இன்னொரு ஆணி அடிச்சிட்டுப் போ" என்றேன்.

"எதுக்கும்மா?"

"எனக்குத்தான். நீ இன்னொரு தடவை அலையக்கூடாதுல்ல."

கவிதா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. குறடு வைத்துப் பிடுங்கப் பார்த்தாள். ஆணி அசையவில்லை. அதில் எதையும் மாட்ட மாட்டாள். துணி உலர்த்துகிற கயிறு கட்டக்கூட விட மாட்டாள்.

என் பையன் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறான். வாரத்தில் ரெண்டு நாள் வந்தால் அதிகம். கடையைப் பார்த்துக்கொண்டது கவிதாதான். பருப்பு வாங்க, வறுக்க, ஒட்ட, எல்லாமே அவள். ஆனால் வாங்க ஆள் வேண்டுமே. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற அவள் அக்கா, தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ரூம் சொல்லி வைத்திருந்தாள்.

"தீபாவளி வரைக்கும் பாப்போம் அத்தே. அப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா கடையை மூடிட்டுக் கெளம்பிடலாம். நீங்களும் வந்துடுங்க."

"எனக்கு அங்க என்னடி வேலை? பனியன் போட்டுப் பாத்து அளவு சொல்றதுக்கா?"

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அன்று சாப்பிட்ட ரசத்தில் உப்பு இருந்ததா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரயில் இல்லாத ஊரில் ஒரு ரயில்

கவிதாவோடு காலேஜில் படித்தவள் நஸ்ரீன். பெரம்பலூரில், ஒரு விதைக் கடைக்கு மாடியில், கம்ப்யூட்டர் வைத்துக் கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறாள். கடைசி முயற்சியாக அவளிடம் போனோம். அரியலூர் வழியாகப் பஸ். வழியெல்லாம் சிமெண்ட் லாரித் தூசி. இறங்கும்போது எனக்கு இன்னும் கொஞ்சம் நரைத்திருந்தது.

"வெப்சைட்டுன்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"கடைதான் அம்மாயி. ஆனா போனுக்குள்ள இருக்கும். யார் வேணும்னாலும் எந்த ஊர்லேருந்தும் வந்து பாக்கலாம்."

கடை என்றதும் எனக்கு வாய் நிற்குமா? முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு நானே எல்லாம் சொன்னேன். முதலில் பிள்ளையார். அடுத்து எங்கள் குலசாமி. அப்புறம் என் போட்டோ. இப்போது எடுத்தது வேண்டாம், மூக்குத்தி மின்ன மின்ன ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். சுற்றி மொட்டையாக இருந்தது.

"பூ போடும்மா."

போட்டாள்.

"ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு வை. மங்களகரமா இருக்கும்."

வைத்தாள்.

"நாகஸ்வரம் வாசிக்கணும்."

"அது ரொம்ப கனமா இருக்கு அம்மாயி, பக்கம் தெறக்க லேட்டாகும். மெதுவா ஒரு புல்லாங்குழல் போடறேன்."

அதுவும் சரி என்றேன். படத்துக்குக் கீழே என் பரம்பரைக் கதை, கடைக் கதை, முந்திரியின் மகிமை. அதையெல்லாம் விரலால் தள்ளித் தள்ளிப் போனால், அடியில், கடைசியில் பருப்பு. பெரம்பலூரில் ரயில் கிடையாது. அந்தக் குறை தீர நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு ரயில் விட்டுவிட்டோம்.

சில வாரம் போனது. நஸ்ரீன் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "வர்றாங்க அம்மாயி. ஆனா வந்த ஒடனே போயிடுறாங்க. போனவங்க திரும்பியே வர மாட்டேங்கிறாங்க."

கவிதா பரணிலிருந்த பெரிய பையை எடுத்து, உதறி, வெயிலில் காயப்போட்டாள்.

யாருக்குத் தெரியும், பூன்னா பூதானே

அந்தச் சமயத்தில்தான் சுப்பராயன் போன் வந்தது. வீட்டு விசேஷத்துக்கு முந்திரி தேடிய அவர் மகன் எங்கள் கடையைப் போனில் கண்டுபிடித்து அப்பாவிடம் காட்டியிருக்கிறான்.

போனை வைத்துவிட்டுக் கவிதாவைக் கூப்பிட்டேன். ரெண்டு பேரும் வெப்சைட்டைத் திறந்து பார்த்தோம். கறுப்பு வெள்ளைப் படம். சுற்றிலும் பூ. ரெண்டு பக்கமும் விளக்கு. பின்னால் புல்லாங்குழல் அழுகிறது. படத்துக்குக் கீழே, 'என்றும் மறக்க முடியாத சுவை தந்த அம்மாயி'.

ஊரில் சுவருக்குச் சுவர் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்கூட இவ்வளவு லட்சணம் இருக்காது.

கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ரெண்டும்தான் என்று பின்னால் சொன்னாள். வாரக்கணக்கில் பார்த்த படம்தான். சொந்த வீட்டுக் கிழவி பக்கத்தில் உட்கார்ந்து வாயாடிக்கொண்டிருக்கும்போது, படத்தில் செத்துப்போனது யார் கண்ணில் படும்?

நஸ்ரீனுக்குப் போன் போட்டோம்.

"யா அல்லாஹ்!" என்று அலறினாள். "எங்க வூட்ல போட்டோ மாட்டுற வழக்கமே இல்லையே அம்மாயி. மவுத்தானவங்க படத்துக்குத்தான் இப்படிப் பூ வெப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?"

"நான் எங்கம்மா சொல்றது? நான்தான் செத்துட்டேனே."

படத்தை அவள் அப்போதே எடுத்துவிட்டாள். ஆனால் செத்த சேதி போகிற வேகத்தில் பிழைத்த சேதி போகாது. சுப்பராயன் அழுகையோடு அழுகையாக அதைத் தன் பழைய கண்டக்டர்களின் வாட்ஸப்பில் போட்டுவிட்டுத்தான் எனக்குப் போனே செய்திருக்கிறார். அவர்கள் ஆளுக்கு நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாரம் போன் ஓயவில்லை.

துக்கம் கேட்டவர்கள் சொன்ன குறை

நஸ்ரீன் மனசு கேட்காமல் பஸ் ஏறி வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்தாள். துக்கம் கேட்டு முடித்து, நான் உயிரோடிருப்பதை நம்பி முடித்ததும், ஒவ்வொருவரிடமும் நான் ஒரே கேள்விதான் கேட்டேன். "கடை வரைக்கும் வந்துட்டு ஏன் வாங்காம போனீங்க?"

நெய்வேலியிலிருந்து ஒரு பெண் பேசினாள். சின்னப் பிள்ளையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவாளாம். "என் கையில ஒரு பருப்பு வெச்சு, வெரலை மடக்கி விடுவீங்க அம்மாயி. ஊரு வர்ற வரைக்கும் தெறக்கவே மாட்டேன்."

"அதெல்லாம் இருக்கட்டும்டி. ஏன் வாங்கல?"

"டபிள்யூ முந்நூத்தி இருபது, டபிள்யூ எரநூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கு. பஸ் நம்பர் மாதிரி இருக்கு. அதுல பாயசத்துக்கு எது, பிரியாணிக்கு எதுன்னு யாருக்குத் தெரியும்?"

மொத்த வியாபாரிகள் பருப்பின் பருமனுக்கு வைத்த நம்பர் அது. நஸ்ரீன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இன்னொருவர் சொன்னார்: "பேரு கேட்டுச்சு, பொறந்த நாள் கேட்டுச்சு, பாஸ்வேர்டு கேட்டுச்சு. பாஸ்வேர்டுல பெரிய எழுத்து ஒண்ணு இல்லேன்னு திட்டுச்சு. முந்திரி வாங்க இவ்வளவு பாடா?"

நான் நஸ்ரீனைப் பார்த்தேன். "ஏம்மா, ஜன்னல்ல கை நீட்டினவங்ககிட்ட நான் என்னைக்காவது ரேஷன் கார்டு கேட்டிருக்கேனா?"

"இல்ல அம்மாயி."

"பருப்பைக் காட்டாம எங்க பரம்பரைக் கதை சொல்லியிருக்கேனா?"

"அது நீங்கதான் போடச் சொன்னீங்க."

"நான்தான் செத்துட்டேனே, என்னை ஏன் இழுக்கிற?"

அன்று ஒரு ஏற்பாடு செய்தோம். நஸ்ரீன் புதிதாக ஒரு பக்கம் தயார் செய்வாள். போனை என் கையில் கொடுப்பாள். கவிதா சூடாக ஒரு டீயைக் கையில் எடுப்பாள். அவள் குடித்து முடித்துக் கிளாஸை வைப்பதற்குள், மூன்றாம் கிளாஸ் படித்த நான் அரைக் கிலோ வாங்கி முடித்துவிட வேண்டும்.

முதல் தடவை டீ காலியானபோது நான் எங்கேயோ 'எங்களைப் பற்றி' என்ற இடத்தில் வழி தெரியாமல் நின்றேன். ரெண்டாம் தடவை அரைக் கிலோவுக்குப் பதில் அம்பது கிலோ கேட்டுவிட்டேன். நஸ்ரீன் பெரம்பலூருக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். கவிதாவுக்கு டீயாகக் குடித்துக் குடித்து நெஞ்சு எரிச்சல் வந்துவிட்டது.

கடைசியில் ஒரு நாள் கிளாஸில் கால்வாசி டீ இருக்கும்போதே நான் வாங்கி முடித்தேன். திறந்ததும் பருப்பு. 'பாயசத்துக்கு', 'பிரியாணிக்கு', 'மென்று தின்ன' என்று மூன்றே மூன்று. பாஸ்வேர்டு கிடையாது. பேச வேண்டுமென்றால் போன் நம்பர், பெரிசாக, தலைமாட்டிலேயே. ஒரு தடவை வாங்கியவர்கள் மறுபடி வந்து தங்கள் நம்பரைப் போட்டால், 'போன தடவை வாங்கியதே வேணுங்களா?' என்று அதுவே கேட்கும். எல்லோரிடமும் நான் பாயசம் என்று அடித்துவிட்டதை, அது நிஜமாகவே ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

சுப்பராயன் மறுபடி போன் செய்தார். "அக்கா, எங்க வூட்ல நம்பவே மாட்டேங்கிறா. யாரோ உங்க கொரல்ல பேசுறாங்கங்கிறா. தேதிக் காலண்டரைக் கையில புடிச்சிக்கிட்டு ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க."

போட்டோம். கலர் படம். பூ கிடையாது. ஒரு கையில் தட்டு, ஒரு கையில் அன்றைய தேதி கிழித்த காலண்டர். கீழே நான் சொன்னபடியே ஒரு வரி: 'இந்த வாரமும் இருக்கேன். பருப்பும் இருக்கு.'

அடுத்த திங்கட்கிழமை, புதுப் படம் எங்கே என்று ரெண்டு பேர் கேட்டார்கள். அதிலிருந்து திங்களுக்குத் திங்கள் ஒரு படம். ஒரு வாரம் மூக்குத்தியை மாற்றினேன், ஒரு வாரம் நாக்கைத் துருத்தினேன். கிழவி இருக்கிறாளா, போய்விட்டாளா என்று பார்க்க வருகிறவர்கள், வந்தது வந்தோம் என்று கால் கிலோ வாங்கினார்கள்.

ஓசூர்க்காரர்

கவிதா மட்டும் அசையவில்லை. பெரிய பை பரணுக்குத் திரும்பவில்லை.

"இவங்கல்லாம் உங்க மொகத்துக்காக வர்றவங்க அத்தே. பாவம் பாத்து வாங்குறாங்க. எத்தனை நாளைக்கு? நம்மளைத் தெரியாத ஒருத்தர் வரணும். வந்து வாங்கிட்டு, தீபாவளிக்குள்ள திரும்பி வந்து இன்னொரு தடவை வாங்கணும். அப்ப நம்புறேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஜன்னலில் ஒரு தடவை வாங்குகிறவர் வழிப்போக்கர். ரெண்டாம் தடவை கை நீட்டுகிறவர்தான் நம் ஆள்.

ஓசூரிலிருந்து ஒருவர் 'மென்று தின்ன' அரைக் கிலோ வாங்கினார். எங்கள் ஊர் பஸ்ஸையே பார்த்திராதவர். அதோடு சரி, வேறு பேச்சு இல்லை. நான் தினமும், "ஓசூரு வந்தாரா?" என்று கேட்பேன். கவிதா இல்லையென்று தலையாட்டுவாள். கடையில் அவர் பேரே ஓசூராகிவிட்டது.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எனக்குக் காய்ச்சல் வந்தது. மழைக் காய்ச்சல்தான், பெரிசாக ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை போட்டோ எடுக்கவில்லை. கம்பளிக்குள் கிடந்தேன். வெளியே மழை பெய்து, வறுக்கிற வாசமும் மண் வாசமும் கலந்து உள்ளே வந்தது. பழைய பஸ்ஸின் ஹாரன் கேட்கிற மாதிரியே இருந்தது. என் வீட்டுக்காரர் கடையிலிருந்து, "ஏய், பஸ்சு வந்துட்டுது, ஓடு!" என்று கத்துவார். அப்படியே ஒரு குரல். காய்ச்சலில் என்னவெல்லாமோ கேட்கும்.

அந்த இரைச்சல் நடுவே நிஜமாகவே போன் அடித்தது. நெய்வேலிப் பெண் முதலில், சுப்பராயன் அடுத்து. கவிதா எல்லோருக்கும் "லேசாக் காய்ச்சல்ங்க, நல்லா இருக்காங்க" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

மறுநாள் காலையில் கஞ்சி கொண்டுவந்தவள், கஞ்சியைக் கொடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்தே, ஓசூரு வந்திருக்காரு."

"என்னவாம்?"

"போன தடவை வாங்கினதேதான், இப்ப ஒரு கிலோவா வேணுமாம். கீழ ஏதோ எழுதியிருக்காரு." போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தாள். "இந்தத் திங்கக்கிழமை போட்டோவைக் காணலையே. அம்மாயி நல்லா இருக்காங்களா?"

அவருக்கு ஆளைத் தெரியாது, ஊரைத் தெரியாது. அவர் திரும்பி வரவே இல்லை என்று நாங்கள் காத்திருந்த நாளெல்லாம், திங்களுக்குத் திங்கள் சத்தமில்லாமல் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

கவிதா கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். போனில் அவள் அக்காவிடம் பேசுவது கேட்டது. "அந்த ரூமை வேற யாருக்காச்சும் குடுத்துடச் சொல்லுக்கா. இல்லக்கா, வரல. இல்ல, கோவமெல்லாம் இல்ல. இங்க வேலை கெடக்கு."

நான் கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். காய்ச்சல் கண்ணில் தண்ணி வரவைக்கும், தெரியுமல்லவா?

திரும்பி வந்தவள், "எழுந்திரிங்க, போட்டோ எடுக்கணும். ஊரே கேக்குது" என்றாள்.

"கஞ்சி குடிச்சிட்டுச் சாகுறேனே."

"அந்த வார்த்தையைச் சொன்னீங்கன்னா கஞ்சியே கெடையாது."

காலண்டர் வழக்கம்போல எங்கேயோ மாயமாகிவிட்டது. அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்ததைத் தேடி எடுத்து, தேதியைக் கிழித்தாள். "வாராவாரம் இதைத் தேடறதே பொழப்பாப் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே சுவரைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில், இத்தனை வருஷமாக அவள் எதையும் மாட்டவிடாத அந்த ஆணியில் காலண்டரை மாட்டி, நேராக இருக்கிறதா என்று ஒரு தடவை தட்டிப் பார்த்தாள்.

"அடியே, அது என் ஆணி!"

"இப்ப காலியா இல்ல" என்றாள்.